ராக்கோழியா, சேவலா? கல்லூரி மாணவர்கள் தூக்க நேரத்தை அளக்கவும் நகர்த்தவும் ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் கருப்பூர் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் நான் துணை வார்டனாகச் சேர்ந்தபோது வந்த முதல் புகார் ஒரு டியூப்லைட்டைப் பற்றியது. அறையில் இரண்டு பையன்கள். ஒருவன் தம்மம்பட்டி, விவசாயக் குடும்பம். ஐந்து மணிக்கு அலாரம் அடித்ததும் விளக்கைப் போட்டுப் படிக்க உட்கார்ந்துவிடுவான். இன்னொருவன் திருச்செங்கோடு, நள்ளிரவு தாண்டாமல் அவனுக்குக் கண் சொக்காது. "சார், இவன் என்னைத் தூங்கவே விடமாட்டேங்கிறான்" என்று சொல்லிவைத்தாற்போல் இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். ஐந்து மணிக்காரன் ஒழுங்கானவன், மற்றவன் உருப்படாதவன் என்று நானே முடிவுகட்டி, திருச்செங்கோட்டுப் பையனுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

அதற்கப்புறம் பல வருடம் அதே விடுதியில் இருந்தேன். பையன்களோடு உட்கார்ந்து செய்து பார்த்த முறைதான் கீழே இருப்பது. ஒரு நோட்டு, ஒரு பேனா, இரண்டு வாரம், கொஞ்சம் கூட்டல் கழித்தல் போதும். செயலியும் வேண்டாம், ஸ்மார்ட் வாட்ச்சும் வேண்டாம்.

முதலில், உள்ளே ஓடும் கடிகாரம்

1729இல் மைரான் என்ற பிரெஞ்சு வானியலாளர், தொட்டாற்சிணுங்கி மாதிரி இலை மடக்கும் செடி ஒன்றை இருட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெயில் முகமே காணாத அந்தச் செடி பகலில் இலையை விரித்தது, இரவில் மடக்கியது. நேரம் அதற்குள்ளேயே இருந்தது. நமக்குள்ளும் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து. இந்தக் கடிகாரம் மரபணு மட்டத்தில் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்ததற்குத்தான் 2017இன் மருத்துவ நோபல் பரிசு மூன்று அமெரிக்கர்களுக்குப் போனது. தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குகை வௌவால்களை வைத்து இதே துறையில் பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தவர்.

மனிதக் கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். தினமும் காலை வெளிச்சம் பட்டு அது திருத்தப்படுகிறது. திருத்தம் சரியாக நடக்காவிட்டால் மெல்ல மெல்லத் தாமதமாகும். யாருக்கு எவ்வளவு தாமதம் என்பதில் பிறவிக்கும் பங்கு உண்டு. 2019இல் ஏறத்தாழ 7 லட்சம் பேரின் மரபணுத் தகவலை அலசியபோது, காலையில் சீக்கிரம் எழும் விருப்பத்தோடு தொடர்புள்ள 351 இடங்கள் மரபணுத் தொகுதியில் தென்பட்டன. ஒரே ஒரு 'சோம்பேறி ஜீன்' என்று எதுவும் இல்லை.

பிறவியோடு வயதும் சேர்ந்துகொள்கிறது. டில் ரோன்னெபெர்க் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் குழு 2004இல் காட்டியது இது: பதின்ம வயதில் தூக்கம் வருடா வருடம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது, பெண்களுக்கு 19.5 வயதிலும் ஆண்களுக்கு 21 வயதிலும் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் திரும்புகிறது. அதாவது வாழ்நாளிலேயே மிகத் தாமதமாகத் தூக்கம் வரும் வயதில்தான் நாம் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்து, முதல் ஹவர் கணிதம் போட்டு, "ஏன்டா கொட்டாவி விடற?" என்று கேட்கிறோம்.

கடிகாரம் தவிர இன்னொன்றும் உண்டு. அதை நான் தூக்கப் பசி என்பேன். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் அது ஏறும், தூங்கினால் இறங்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் தூக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்று 1982இல் அலெக்சாண்டர் போர்பெலி முன்வைத்தார். மாலை ஐந்து மணிக்குக் குட்டித் தூக்கம் போட்டவனுக்கு ராத்திரி பன்னிரண்டு வரை தூக்கம் வராததன் காரணம் இந்தப் பசி தீர்ந்துபோனதுதான். அவன் ராக்கோழியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் நோட்டு.

படி 1: பதினான்கு நாள் நோட்டு

தினமும் காலையில் எழுந்ததும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: படுத்த நேரம், தூங்கியிருக்கக்கூடிய நேரம், விழித்த நேரம், அலாரமா தானாகவா, முந்தைய நாள் கடைசி டீ அல்லது காப்பி எப்போது. நிமிடக் கணக்காகத் துல்லியம் வேண்டாம். திருச்செங்கோட்டுப் பையனின் நோட்டில் இருந்தது இப்படி:

"செவ்வாய். படுத்தது 12.10. ரீல்ஸ். தூங்கியது 1 இருக்கும். அலாரம் 6.10, 6.20, 6.30. டீ ராத்திரி 9.30."

"ஞாயிறு. தூங்கியது 2. எழுந்தது 10. அலாரம் இல்லை. மெஸ்ஸில் பூரி போச்சு."

இந்த இரண்டு வரியிலேயே பாதி வைத்தியம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருவோம்.

ஒரு எச்சரிக்கை. விடுமுறை நாள் என்றால் உண்மையிலேயே யாரும் எழுப்பாத நாளாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் அது லேசில் கிடைக்காது. குழாயில் தண்ணீர் வரும் நாளென்று அம்மா எழுப்புவார், கறி வாங்கி வரச் சொல்லி அப்பா எழுப்புவார், ஆடி மாதமானால் மாரியம்மன் பண்டிகை ஒலிபெருக்கி தெருவையே எழுப்பும். அப்படிப்பட்ட ஞாயிறுகளை அடித்துவிடுங்கள். செமஸ்டர் விடுமுறையில் முதல் நான்கைந்து நாள் பாக்கித் தூக்கத்தைத் தீர்ப்பதிலேயே போகும். அதற்குப் பிறகு வரும் வாரம்தான் சுத்தமான கணக்கு.

படி 2: நடுப்புள்ளியைக் கண்டுபிடிப்பது

தூங்கிய நேரத்துக்கும் விழித்த நேரத்துக்கும் நடு மையம்தான் நடுப்புள்ளி. ரோன்னெபெர்க் குழுவின் மியூனிக் வினாத்தாள் இந்த எண்ணை வைத்துத்தான் ஆட்களை வகைப்படுத்துகிறது. நம் பையன் கல்லூரி நாளில் 1 மணி முதல் 6.30 வரை, மொத்தம் ஐந்தரை மணி நேரம் தூங்குகிறான், நடுப்புள்ளி 3.45. விடுமுறையில் 2 முதல் 10 வரை, எட்டு மணி நேரம், நடுப்புள்ளி 6.00. இரண்டுக்கும் இடைவெளி இரண்டே கால் மணி நேரம்.

அதே குழு 2006இல் இந்த இடைவெளிக்கு 'சமூக ஜெட்லேக்' என்று பெயர் வைத்தது. ஜெட்லேக் என்பது கடிகார நேரம் வேறாக இருக்கும் நாட்டுக்கு விமானத்தில் போனால் வரும் தூக்கத் தடுமாற்றம். நம் நேரத்துக்கும் சவுதி நேரத்துக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். ஆக, இந்தப் பையன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏறக்குறைய ரியாத் வரை போய், திங்கட்கிழமை முதல் ஹவருக்குச் சேலத்தில் வந்து இறங்குகிறான். பாஸ்போர்ட்டும் இல்லை, பேரீச்சம்பழமும் வருவதில்லை.

விடுமுறை நாளின் நடுப்புள்ளியை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. வாரம் முழுக்கப் பட்டினி கிடந்தவன் ஞாயிறன்று கூடுதலாகச் சாப்பிடுவதுபோல், அதில் பாக்கித் தூக்கமும் கலந்திருக்கிறது. அதைக் கழிக்க ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஐந்து கல்லூரி நாளும் இரண்டு விடுமுறை நாளும் சேர்த்து வாரச் சராசரி போடுங்கள்: ஐந்தரை பெருக்கல் ஐந்து, கூட்டல் எட்டு பெருக்கல் இரண்டு, மொத்தம் 43.5; ஏழால் வகுத்தால் சுமார் 6.2 மணி நேரம். விடுமுறைத் தூக்கமான எட்டிலிருந்து இதைக் கழித்தால் 1.8. அதில் பாதி 0.9, அதாவது 54 நிமிடம். ஆறு மணியிலிருந்து 54 நிமிடம் கழியுங்கள்: 5.06. இதுதான் அவனுடைய உண்மையான நடுப்புள்ளி. சனிக்கிழமையும் வகுப்பு வைக்கும் கல்லூரி என்றால் ஐந்து, இரண்டு என்பதை ஆறு, ஒன்று என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில், கணக்கைப் போட்டுப் பார்த்தபின் "நான் பயங்கர ராக்கோழி சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களில் பலர் சாதாரண ஆட்களாக மாறிவிடுவார்கள். போனும் டீயும் பாக்கித் தூக்கமும் சேர்ந்து போட்ட வேஷம் அது.

படி 3: கேள்வித்தாள்

1976இல் ஹார்ன், ஓஸ்ட்பெர்க் இருவரும் வெளியிட்ட 19 கேள்விகள் கொண்ட தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மதிப்பெண் 16 முதல் 86 வரை. 41 வரை மாலை வகை (30 வரை என்றால் அழுத்தமான மாலை வகை), 59 முதல் காலை வகை, இடைப்பட்டவர்கள் நடுத்தரம். பெரும்பாலோர் நடுவில்தான் விழுவார்கள். கேள்வித்தாள் சொல்வது உங்கள் விருப்பத்தை, நோட்டு சொல்வது உங்கள் நடப்பை. இரண்டும் முரண்பட்டால் நான் நோட்டைத்தான் நம்புவேன்.

படி 4: எத்தனை மணிக்கு எழ வேண்டும்?

கனவு காணாமல் பஸ் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மேட்டூரிலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ வரும் டே ஸ்காலர் 5.30க்கு எழுந்தாக வேண்டும். விடுதிக்காரருக்கு 7 மணியே போதும். 18 முதல் 25 வயதுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம் தேவை. ஏழரை என்று வைத்தால் விடுதிக்காரர் 11.30க்குத் தூங்கினால் போதும், மேட்டூர்க்காரர் 10 மணிக்கே தூங்க வேண்டும். பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்தால்தான் படிப்பு ஏறும் என்று சொல்லும் தாத்தாவிடம் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வாருங்கள். தாத்தாவுக்கு அது உண்மைதான். அவர் வயதில் கடிகாரமே முன்னால் வந்துவிடும்.

படி 5: காலை வெளிச்சம்

மொத்தத்தில் ஒரே ஒரு படிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் திருகு கண்ணுக்குள் இருக்கிறது. நீல வெளிச்சத்துக்கு அதிகம் அசைந்துகொடுக்கும் தனி அணுக்கள் அங்கே உண்டு. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். விடுதி அறையின் டியூப்லைட் தருவது சில நூறு லக்ஸ்கூட இருக்காது. வெளியே மேகம் மூடியிருந்தாலும் பல ஆயிரம் லக்ஸ், வெயில் அடித்தால் ஒரு லட்சம் வரை. அறைக்குள் ஜன்னலைத் திறந்து வைத்துப் பல் தேய்ப்பது கணக்கில் சேராது. வெளியே போங்கள், அரை மணி நேரம். டீ குடிப்பதை வெளியே வைத்துக்கொண்டாலும் சரி, செய்தித்தாளை மொட்டைமாடியில் படித்தாலும் சரி. சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம்.

சேலத்துக்கென்று ஒரு சங்கடம் உண்டு. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, சேலம் 78.15 பாகையில் இருக்கிறது. நம் சூரியன் கடிகாரத்துக்குச் சுமார் 17 நிமிடம் பின்தங்கித்தான் வருகிறது. ஜூனில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும், ஜனவரி கடைசியில் 6.40 ஆகிவிடும். தை மாதத்தில் முதல் பஸ் பிடிப்பவர்கள் இருட்டில்தான் கிளம்ப வேண்டும். அவர்களுக்கு ஜன்னலோர இருக்கையும், கல்லூரி வாசலில் இறங்கி மெதுவாக நடப்பதும்தான் வழி.

இப்போது முக்கியமான ஆபத்து. வெளிச்சம் எப்போது பட்டாலும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். நாமாக விழிக்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகத் தாழ்ந்த புள்ளிக்கு இறங்குகிறது. அதற்குப் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தைச் சீக்கிரத்துக்கு இழுக்கும். அதற்கு முன் படும் வெளிச்சம் அதையே இன்னும் தாமதமாக்கும். விடுமுறையில் பத்து மணிக்கு எழுந்துகொண்டிருந்தவனுக்கு அந்தப் புள்ளி ஏழு, எட்டு மணி வாக்கில் இருக்கும். அவன் புத்தாண்டுச் சபதம் எடுத்து ஒரேயடியாக ஐந்து மணிக்கு எழுந்து பளிச்சென்ற விளக்கில் உட்கார்ந்தால், கடிகாரம் எதிர்த்திசையில் ஓடும். மூன்றாம் நாள் சபதம் உடையும், "எனக்கு மன உறுதி இல்லை" என்று ஒரு வருடம் புலம்புவான். உறுதிக்கு இதில் வேலையே இல்லை, கணக்குத்தான் தப்பு.

ஆகவே படிப்படியாக. செமஸ்டர் விடுமுறையின் கடைசி இரண்டு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது 9.30க்கு எழுகிறீர்கள் என்றால் இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னால் வாருங்கள். எழுந்ததும் வெளியே அரை மணி நேரம். பன்னிரண்டு நாளில் 6.30ஐத் தொட்டுவிடலாம். படுக்கும் நேரத்தை வலிந்து மாற்ற வேண்டாம், எழும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் அது பின்னாலேயே வரும்.

படி 6: ராத்திரி

தூக்கம் வருவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே, இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது. பிரகாசமான வெளிச்சம் அதைத் தள்ளிப்போடும். ராத்திரி பத்துக்கு மேல் தலைக்கு மேலே இருக்கும் டியூப்லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் நிற மேசை விளக்கில் படியுங்கள். போன் விஷயத்தில், திரை வெளிச்சத்தைவிட "இன்னும் ஒரே ஒரு ரீல்" என்பதுதான் பெரிய திருடன் என்பது என் கட்சி. சார்ஜரை அறையின் மறுகோடியில் வையுங்கள்.

காப்பி, டீ. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடியை நட்டுவைத்த காலம் முதல் இந்த ஊருக்கும் காப்பிக்கும் பந்தம் உண்டு, அதை விடச் சொல்லவில்லை. ஆனால் உடம்பில் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். 9.30க்குக் குடித்த டீயில் பாதி, அதிகாலை இரண்டரைக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நோட்டின் அந்தச் செவ்வாய் வரியைத் திரும்பப் பாருங்கள். கடைசிக் கோப்பையை நான்கு மணிக்கு முடியுங்கள். சாயந்திரம் தட்டுவடை செட்டுக்குப் போகும் இடத்தில் டீயையும் சேர்த்து அடிக்காமல் இருப்பதுதான் கஷ்டம், தெரியும்.

பகல் தூக்கம் வேண்டுமென்றால் மூன்று மணிக்கு முன், இருபது நிமிடம். அதற்கு மேல் போனால் ராத்திரிக்குப் பசி இருக்காது.

படி 7: ஞாயிற்றுக்கிழமை

கல்லூரி நாளைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக எழ வேண்டாம். பாக்கி இருந்தால் சனி இரவு சீக்கிரம் படுங்கள். இந்த ஒரு படியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

படி 8: மாறவே முடியாதவர்கள்

ஆறு வாரம் உண்மையாகச் செய்தும் நடுப்புள்ளி ஐந்தைத் தாண்டியே நின்றால், நீங்கள் நிஜமான மாலை வகை. அதோடு மல்லுக்கட்டாதீர்கள். கணக்கும் புரோகிராமிங்கும் போல மூளை கேட்கும் பாடத்தை மாலை ஆறிலிருந்து பத்துக்குள் முடியுங்கள். ரெக்கார்ட் எழுதுவது, நோட்ஸ் நகலெடுப்பது போன்ற கை வேலையைக் காலைக்கு விடுங்கள். காலை வகைக்காரர்கள் இதையே தலைகீழாகச் செய்யலாம். குழுவாகப் படிக்கும்போது "எல்லாரும் ஐந்து மணிக்கு எழுந்து படிக்கலாம்டா" என்று ஒருவன் சொன்னால், அவன் அவனுடைய உடம்பைப் பற்றிப் பேசுகிறான்.

எந்த வகையானாலும் பரீட்சைக்கு முதல் நாள் நைட் அவுட் மட்டும் வேண்டாம். படித்ததை மூளை நிலைப்படுத்திக்கொள்வது தூக்கத்தில்தான். இரண்டாம் வருடத்தில் ஒரு தேர்வுக்கு நான் விடிய விடியப் படித்தேன். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் கண்ணை மூடலாம் என்று சாய்ந்தவன் எழுந்தது பதினொன்றரைக்கு. அந்த அரியரை இறுதி ஆண்டில்தான் எடுத்தேன்.

படி 9: ஏற்காடு

இது கட்டாயமில்லை, ஆனால் நன்றாக வேலை செய்யும். 2013இல் கென்னத் ரைட் என்ற அமெரிக்க ஆய்வாளர் எட்டுப் பேரை ஒரு வாரம் ராக்கி மலையில் கூடாரம் போட வைத்தார். டார்ச் கிடையாது, போன் கிடையாது. சூரியனும் நெருப்பும் மட்டும். அவர்களுடைய கடிகாரம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால் வந்தது, ராக்கோழிகளுக்குத்தான் மாற்றம் அதிகம். 2017இல் வெறும் வார இறுதி மட்டும் வைத்துப் பார்த்தபோதும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நகர்ந்தது.

நமக்கு ராக்கி மலை வேண்டாம், சேர்வராயன் மலை போதும். சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலத்து வெக்கை இல்லை. தூக்கத்துக்கு உடம்பு குளிர வேண்டும் என்பதால் அதுவும் லாபம். வெள்ளி மாலை ஏறி, ஏரிக்கரை விளக்குகளிலிருந்து தள்ளி ஒரு வீட்டில் தங்குங்கள். இருட்டியதும் போன் பையில். காலையில் பனி மூட்டமாக இருந்தாலும் வெளியே நடந்துவிடுங்கள், மூட்டத்திலும் அறைக்குள் இருப்பதைவிடப் பலமடங்கு வெளிச்சம். சேர்வராயன் கோயில் வரை நடந்து திரும்பினால் ராத்திரி ஒன்பது மணிக்கே கண் சொருகும்.

நம் பையன்கள் செய்வது இதற்கு நேர்மாறு. ராத்திரி முழுக்க அறையில் பேசிக்கொண்டிருந்துவிட்டு, மூன்றரை மணிக்கு "வாடா மச்சி, ஏற்காட்டுல சன்ரைஸ் பார்க்கலாம்" என்று பைக்கை எடுப்பார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. இந்தியாவில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03தான். காலை ஏழு மணிக்கு எழுந்தவன் அதிகாலை மூன்றரைக்கு 20 மணி நேரத்தைத் தாண்டிவிட்டான். முன்னால் 20 கொண்டை ஊசி வளைவுகள். விடுதி வாசல் சாவியை நான் கொடுக்காத ஒரே நேரம் அதுதான். அதற்காக வாங்கிய பெயர்களை இங்கே எழுத முடியாது.

படி 10: மருத்துவரிடம் எப்போது?

விடுமுறையில்கூட விடியற்காலை மூன்று, நான்குக்கு முன் தூக்கமே வராமல், அதனால் வகுப்பும் தேர்வும் தொடர்ந்து போகிறது என்றால் அது நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. பலமாகக் குறட்டை, மூச்சு நின்று திணறி எழுவது, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் சொக்குவது, வாரக்கணக்கில் மனம் சோர்ந்தே கிடப்பது, இவற்றில் எது இருந்தாலும் நோட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். மெலடோனின் மாத்திரையை நண்பன் சொன்னான் என்று வாங்கிப் போடாதீர்கள். தப்பான நேரத்தில் போட்டால் அதுவும் கடிகாரத்தை எதிர்ப்பக்கம் தள்ளும்.

விடுதி நடத்துபவர்களுக்கு

அந்த டியூப்லைட் விவகாரத்துக்குப் பிறகு, அறை ஒதுக்கும் படிவத்தில் ஊர், துறை, சைவமா அசைவமா என்பதோடு இரண்டு கேள்வியைச் சேர்த்தேன்: விடுமுறை நாளில் எத்தனை மணிக்குத் தூங்குவாய், எத்தனை மணிக்குத் தானாக எழுவாய்? நடுப்புள்ளி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசப்படும் இருவரை ஒரே அறையில் போடுவதில்லை. தம்மம்பட்டிப் பையனைக் கிழக்குப் பார்த்த அறைக்கு மாற்றினேன். திருச்செங்கோட்டுப் பையனின் எச்சரிக்கைக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துக் கிழித்தேன். அவன் எழும் நேரம் ஒரு மாதத்தில் 6.30லேயே நின்றது, ஞாயிறு பூரியும் கிடைத்தது. அதற்கப்புறம் என்னிடம் வந்த புகார்களில் பாதி மின்விசிறியை எத்தனாம் நம்பரில் வைப்பது என்பதைப் பற்றியவை.